சேரன்மாதேவிக்குப் போய் வந்தேன்

திருநெல்வேலியில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சேரன்மாதேவி ஒன்றும் புது ஊர் இல்லை. கல்யாணம், காதுகுத்து என்று எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஆனால் அந்த ஊரை உட்கார்ந்து நினைத்துப் பார்த்தது சென்ற மாசி மாதம்தான். பெரியாச்சிக்கு உடம்புக்கு முடியவில்லை என்று பார்க்கக் கிளம்பினேன். கிளம்பும்போதே மனசில் ஒரு முள் தைத்திருந்தது. அதை முதலில் சொல்லி விடுகிறேன்.

என் மகள் ஏழாம் வகுப்பு. என் கணவருக்கு அடிக்கடி மாற்றலாகும் உத்தியோகம். அதனால் அவளை ஹாஸ்டல் உள்ள பள்ளியில் சேர்த்தோம். மலைத் தோட்டத்துப் பிள்ளைகள், கடற்கரைப் பிள்ளைகள், அப்பா அம்மா வளைகுடா நாட்டில் இருக்கிற பிள்ளைகள், வீட்டில் ஹிந்தி பேசுகிற பிள்ளைகள் என்று எல்லாரும் அங்கே உண்டு. சேர்த்த அன்று பெட்டியைப் பிரித்து அடுக்கிக் கொண்டிருந்தோம். பக்கத்துக் கட்டில் பெண் கடற்கரைக் கிராமத்துக்காரி. அவள் ஒரு டப்பாவைத் திறந்தாள். கருவாட்டுப் பொடி. அவள் அம்மா இடித்துக் கொடுத்தது.

நாங்கள் சைவம். நான் மகளின் காதோடு, "சாப்பிடும்போது அவ பக்கத்துல உக்காராத. உனக்கு ஒத்துக்காது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சொன்னதையே மறந்தும் போனேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் மகள் சொன்னாள்: "அம்மா, அந்தப் பொண்ணு இப்பல்லாம் எங்ககூடச் சாப்பிடறதில்ல. கைகழுவுற குழாய் பக்கம் கடைசி பெஞ்சுல தனியா உக்காந்துக்கறா. பொடிகூடக் கொண்டு வரல."

"ஏண்டி?"

"நீதானம்மா சொன்ன? நான் என் ஃப்ரெண்ட்ஸ்கிட்டயும் சொன்னேன். அப்புறம் யாருமே அவகூட உக்காரல."

எனக்குச் சுரீர் என்றது. அந்த முள்ளோடுதான் பஸ் ஏறினேன்.

வழியில் பத்தமடை. கோரைப் பாய்க்குப் பேர் போன ஊர். முஸ்லிம் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டிலேயே தறி போட்டு நெய்கிறார்கள். தாமிரபரணிக் கரைக் கோரையைக் கீறி, காய வைத்து, தண்ணீரில் ஊற வைத்து, சாயம் ஏற்றி நெய்கிற வேலை. பட்டுப் பாய் என்றால் கைக்குட்டை மாதிரி மடிக்கலாம். திரும்பும்போது ஒன்று வாங்க வேண்டும் என்று நினைத்துக் கொண்டேன்.

பத்தமடை தாண்டியதும் சேரன்மாதேவி. சுற்றிலும் பச்சை வயல், அப்பால் மேற்கு மலை, ஊரை ஒட்டித் தாமிரபரணி. ஆற்றங்கரையில் அம்மநாதர் கோயில். நவ கைலாயத்தில் இது இரண்டாவது. நெல் குத்திப் பிழைத்த அக்கா தங்கை இருவர் சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் எழுந்த கோயில் என்று கதை சொல்வார்கள். உலக்கை பிடித்த கை கட்டிய கோயில் என்று நினைத்தாலே நமக்கெல்லாம் ஒரு பெருமைதான். கும்பிட்டுவிட்டு ஆச்சி வீட்டுக்குப் போனேன்.

ஆச்சிக்கு எண்பத்து நாலு வயசு. படுக்கையில் இருந்தாலும் பேச்சில் தெம்பு குறையவில்லை. "ஏளா, முகம் ஏன் வாடிக் கெடக்கு?" என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் மோட்டு வளையைப் பார்த்தாள்.

"இந்த ஊருல இது நடந்து முடிஞ்சு நூறு வருசம் ஆயிட்டுளா" என்றாள்.

ஆச்சி சொன்னது சேரன்மாதேவி குருகுலத்தை. சிறுவயதில் பாடத்தில் ஒரு வரியாகப் படித்ததுதான். அந்த ஊரிலேயே உட்கார்ந்து கேட்டபோது வேறு மாதிரி இருந்தது.

வ.வே.சு. ஐயரை எல்லாருக்கும் தெரியும். லண்டனுக்குப் பாரிஸ்டர் படிக்கப் போய்ப் புரட்சிக்காரராகத் திரும்பியவர். திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தவர். 'குளத்தங்கரை அரசமரம்' கதை எழுதியவர். அவர் 1922-ல் கல்லிடைக்குறிச்சியில் ஒரு தமிழ்க் குருகுலம் தொடங்கினார். சீக்கிரமே அது சேரன்மாதேவிக்கு வந்தது. பிள்ளைகள் அங்கேயே தங்க வேண்டும், தாய்மொழியில் படிக்க வேண்டும், உடலுழைப்பும் பழக வேண்டும், நாட்டுப் பற்றோடு வளர வேண்டும் என்பது நோக்கம். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி, முதலில் 5,000 ரூபாய் கொடுத்தது.

ஆனால் சாப்பாட்டு வேளையில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனி இடம். அவர்களுடைய பெற்றோர் அப்படிக் கேட்டார்கள், ஐயர் ஒப்புக்கொண்டார். அவர் தாமே சாதி பார்க்கிறவர் இல்லை என்றுதான் கூட இருந்தவர்கள் சொன்னார்கள். கொடுத்த வாக்கை மீற முடியாமல் நின்றார்.

விஷயம் வெளியே வந்ததும் நாடே இரண்டுபட்டது. பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும், பொதுப் பணத்தில் நடக்கிற இடத்தில் தனிப்பந்தி கூடாது என்று எதிர்த்தார்கள். வழக்கு காந்தியடிகள் வரை போயிற்று. கடைசியில் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூனில், பாபநாசத்துக்கு மேலே அருவியில் விழுந்த மகள் சுபத்ராவைக் காப்பாற்றப் போய், மகளோடு தாமும் போய்ச் சேர்ந்தார். அதே வருஷம் நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அதற்குப் பல காரணங்கள் உண்டு. இந்தப் பந்தியும் ஒன்று.

"எங்கப்பா அப்ப சின்னப் பையன். ஊரெல்லாம் இதே பேச்சுன்னு சொல்லுவாரு" என்றாள் ஆச்சி. "எல்லாரும் தள்ளி வச்ச பிள்ளைகளுக்காகத்தான் வருத்தப்படுதாக. அது நியாயம்தான். ஆனா தனியா உக்கார வச்சாகளே ரெண்டு பயலுவ, அவனுகளுக்கு மட்டும் என்னளா சொகம்? சேர்ந்து சிரிச்சுச் சாப்பிடுத வயசு. பெத்தவுக சொன்ன ஒரு சொல்லு, ரெண்டு பக்கத்துப் பிள்ளைகளையும்ல பட்டினி போட்டுச்சு!"

எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பெற்றோர் செய்ததைத்தானே நானும் செய்தேன்? அவர்கள் ஆசாரம் என்றார்கள், நான் ஒத்துக்காது என்றேன். சொல்தான் வேறு.

திரும்பும்போது பத்தமடையில் இறங்கினேன். மெல்லிய பட்டுப் பாய் வாங்கவில்லை. நீளமான பந்திப் பாய் ஒன்று வாங்கினேன்.

அடுத்த பார்வையாளர் ஞாயிறன்று புளியோதரை, தயிர்சாதம், வடை, கொஞ்சம் அப்பளம் எல்லாம் கட்டிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனேன். முதலில் மகளைத் தனியே அழைத்து, "அன்னிக்கு அம்மா சொன்னது தப்பு" என்றேன். பிள்ளைகளிடம் இப்படிச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. அவள், "எனக்கும் அப்பவே ஒரு மாதிரிதாம்மா இருந்துச்சு" என்றாள்.

வேப்ப மரத்தடியில் பாயை விரித்தோம். அந்த அறைப் பிள்ளைகள் ஆறு பேரும் வந்தார்கள். மகளே போய் அந்தப் பெண்ணை அழைத்து வந்தாள். அவள் பாயின் ஓரத்தில், எழுந்து போகத் தயாராக இருக்கிறவள் போல உட்கார்ந்தாள். நான் அவளருகில் உட்கார்ந்து, "உங்கம்மா பொடி எப்படி இடிப்பாங்க? மிளகா வறுத்தா, வறுக்காமலா?" என்று கேட்டேன். என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். "வறுத்துத்தான் ஆன்ட்டி. பூண்டும் போடுவாங்க" என்றாள். அதற்குமேல் பேசவில்லை. மூன்று மாதத்துக் காயம் ஒரு வடையில் ஆறுமா? ஆனால் வாரா வாரம் மகளிடம் விசாரிக்கிறேன். கடைசி பெஞ்சு இப்போது காலி. பொடி டப்பாவும் திரும்பி வந்துவிட்டதாம். என் மகள் அதைச் சாப்பிடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தன் எலுமிச்சை ஊறுகாயைச் சாப்பிடுகிறாள். அது போதும்.

ஹாஸ்டலில் பிள்ளையை விட்டிருக்கும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. போனில் நாம் கேட்பதெல்லாம் "சாப்பிட்டியா?" என்பதுதான். அதோடு, "யாரோட சாப்பிட்ட? இன்னிக்கு யார் தனியா உக்காந்திருந்தாங்க?" என்றும் கேளுங்கள். பொடியோ முறுக்கோ கொடுத்தனுப்பினால் நாலு பேருக்குக் கொடுத்தனுப்புங்கள். வீட்டுக்குப் போக முடியாத ஒரு பிள்ளையை லீவுக்கு அழைத்து வாருங்கள். வார்டனம்மா எத்தனை விதி போட்டாலும், நாம் காதோடு சொல்லி அனுப்புகிற சொல்லுக்குத்தான் பிள்ளையிடம் பலம் அதிகம்.

பந்திப் பாயை நான் வீட்டுக்குக் கொண்டு வரவில்லை. ஹாஸ்டலிலேயே சுருட்டி வைத்துவிட்டு வந்தேன்.