இரையும் லெப்டொப்பும் உறங்காத மாமியும்

இன்று நம் வீடுகளில் தையல் மெஷினுக்கும் அலுமாரிக்கும் பக்கத்தில் லெப்டொப்பும் ஒரு நிரந்தர இடத்தைப் பிடித்துவிட்டது. 2020 மார்ச் மாதம் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் படிப்பு தடைப்படக் கூடாதே என்று கடன்பட்டு வாங்கியவர்கள் எத்தனையோ பேர். வாங்கிய நாளில் இருக்கும் இடமே தெரியாமல் இருந்த அந்தப் பொருள், நாலைந்து வருடம் போனதும் மா அரைக்கும் மெஷின் போல இரையத் தொடங்குகிறது. அது ஏன் இரைகிறது, அதை எப்படி அடக்கலாம், எப்படி அடக்கக் கூடாது என்பதை எங்கள் வீட்டு அனுபவத்தோடு சகோதரிகளுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். ஒன்றில் மாமியும் என் மகளும் படுப்பார்கள். மகள் உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வருடம் அது. அவளுடைய இரண்டு வகுப்புகள் இரவு எட்டு மணிக்குப் பிறகு ஸூம் மூலம் நடக்கும். வகுப்பு முடிந்து, பதிவு செய்த பாடங்களையும் பார்த்து முடிக்கப் பன்னிரண்டு மணியாகிவிடும். மாமியோ இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர். ஒருமுறை விழிப்புத் தட்டினால் விடியும் வரை கண்ணை மூட மாட்டார். ஹெட்போன் போட்டதால் ஆசிரியரின் குரல் வெளியே வராது. ஆனால் லெப்டொப்பின் இரைச்சலுக்கு ஏது ஹெட்போன்?

"புள்ள, அந்த மெஷினக் கொஞ்சம் நிப்பாட்டேன்" என்று மாமி கேட்பார். "இன்னும் அரை மணித்தியாலம் உம்மும்மா" என்பாள் இவள். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. புதிதாக ஒன்று வாங்குவோம் என்றால், 2022இல் 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபாவைத் தாண்டிய பிறகு, லெப்டொப்பின் விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. 2018இல் வாங்கிய இந்த ஒன்றைத்தான் பரீட்சை வரைக்கும் காப்பாற்றியாக வேண்டும்.

ராத்தாவின் மகன் ஒருநாள் வந்தான். "சாச்சி, இது பெரிய விசயமில்ல. ஃபேன் வேகத்தக் குறைக்கிற புரோகிராம் ஒண்டு இரிக்கி" என்று சொல்லி, விசிறியை மிகக் குறைந்த வேகத்தில் நிறுத்தி வைத்துவிட்டுப் போனான். அன்று இரவு வீடு அமைதியாக இருந்தது. மாமி உறங்கிவிட்டார். கால் மணித்தியாலம் போனதும் திரையில் ஆசிரியரின் முகம் அசையாமல் நின்றது. குரல் துண்டு துண்டாக வந்தது. எழுத்துப் பலகையின் மேல் பக்கத்தில் கை வைக்க முடியாத சூடு. சற்று நேரத்தில், வகுப்பின் நடுவிலேயே லெப்டொப் தானாக அணைந்துபோனது. மகள் அழுதேவிட்டாள்.

பிரஷர் குக்கர் விசிலடிக்கிறது என்பதற்காக நாம் அந்த வெயிட்டை அழுத்திப் பிடிப்பதில்லை. அடுப்பைத்தான் குறைப்போம். லெப்டொப்பின் கதையும் இதுதான். உள்ளே கணக்குப் போடும் புரொசெஸர் என்ற சின்னஞ்சிறு சில்லு வேலை செய்யும்போது சூடாகிறது. அந்தச் சூட்டை ஒரு செப்புக் குழாய் ஓரத்துக்குக் கொண்டுபோய், மெல்லிய தகடுகளில் பரப்பும். விசிறி காற்றை ஊதி அதை வெளியேற்றும். சூடு கூடினால் விசிறி வேகமாகச் சுற்றும். விசிறியை மட்டும் பிடித்து வைத்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும். எங்கள் லெப்டொப்பில் இருப்பது இன்டெல்லின் கோர் ஐ5-8250யூ என்ற புரொசெஸர். அதன் வெப்பநிலை எல்லை 100 பாகை செல்சியஸ். அந்த எல்லையை நெருங்கியதும் அது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைக்கும். அப்படியும் சூடு தணியாவிட்டால் இயந்திரம் அணைந்துவிடும். அன்று இரவு நடந்தது அதுதான்.

எனவே அந்தப் புரோகிராமை நீக்கிவிட்டு, சூட்டைக் குறைக்கும் வழிகளை ஒவ்வொன்றாகச் செய்தோம். முதல் மூன்றுக்கும் ஒரு சதமும் செலவில்லை.

முதலாவது, வைக்கும் இடம். பெரும்பாலான லெப்டொப்கள் அடிப்பக்கத்திலுள்ள துளைகளால்தான் காற்றை இழுக்கின்றன. மெத்தையிலோ தலையணையிலோ வைத்தால் அந்தத் துளைகள் அடைபட்டுவிடும். மடியில் வைப்பதும் அப்படித்தான். அத்துடன், தினமும் நெடுநேரம் சூடான லெப்டொப்பைத் தொடையில் வைத்திருந்தவர்களின் தோலில் வலை போன்ற கறுத்த அடையாளங்கள் விழுந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மகள் கட்டிலை விட்டு மேசைக்கு வந்தாள். லெப்டொப்பின் பின்பக்க ஓரங்கள் இரண்டுக்கும் அடியில், துளைகளை மறைக்காமல், இரண்டு சிறு மரக்கட்டைகளை வைத்து ஓர் அங்குலம் உயர்த்தினோம். அதன் சூட்டுக் காற்று வெளியேறும் பக்கம் சுவரை ஒட்டியிருந்தது. அதையும் திருப்பி வைத்தோம். அறையின் புழுக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. அறை எத்தனை பாகை கூடுதலாகச் சூடாக இருக்கிறதோ, ஏறத்தாழ அத்தனை பாகை உள்ளேயும் கூடும். ஜன்னலைத் திறந்து வைப்பதும் ஒரு மருந்துதான்.

இரண்டாவது, தேவையில்லாத வேலைகள். கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் திறக்கும். அதில் சீபியூ என்ற தலைப்பை அழுத்தினால், அதிக வேலை வாங்கும் புரோகிராம் மேலே வந்து நிற்கும். எங்கள் வீட்டில் மேலே நின்றது ஸூம் அல்ல. மகள் பகலில் திறந்துவிட்டு மறந்துபோன இணையப் பக்கங்கள்தான். அவற்றில் சில, யாரும் பார்க்காமலே விளம்பர வீடியோக்களை ஓட்டிக்கொண்டிருந்தன. மூடியதும் சில நிமிடங்களில் இரைச்சல் ஒரு படி இறங்கியது.

மூன்றாவது, அடுப்பைக் குறைப்பது. சோறு கொதி வந்த பிறகும் அடுப்பை முழு வேகத்தில் எரிய விட்டால் பானை பொங்குமே தவிர, தண்ணீரின் சூடு 100 பாகையைத் தாண்டாது. எங்கள் புரொசெஸரின் சாதாரண வேகம் 1.6 கிகாஹேர்ட்ஸ். அவசரம் வந்தால் 3.4 வரை பாயும். அப்படிப் பாய்வதற்கு மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். மின்னழுத்தம் சற்றுக் கூடினாலே சூடு அதைவிட வேகமாகக் கூடிவிடும். பாடம் பார்ப்பதற்கும் கட்டுரை எழுதுவதற்கும் அந்தப் பாய்ச்சல் தேவையில்லை. வின்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்று போய், பவர் மோட் என்ற இடத்தில் 'பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி' என்பதைத் தெரிவு செய்யலாம். பழைய கொன்ட்ரோல் பெனலில் பவர் ஒப்ஷன்ஸின் உள்ளே 'மெக்ஸிமம் புரொசெஸர் ஸ்டேட்' என்று ஒரு வரி உண்டு. அதில் 100 என்றிருப்பதை 99 ஆக்கினாலே பெரும்பாலும் அந்தப் பாய்ச்சல் நின்றுவிடும். சில புதிய லெப்டொப்களில் இந்த வரி தெரியாது. அவற்றுக்கு முதலில் சொன்னதே போதும். பெரிய வேலை ஏதும் வந்தால் மறுபடி பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

நான்காவதுதான் செலவுள்ளது. முதலில் கொண்டுபோன கடையில் திறந்துகூடப் பார்க்காமல், "இது பழசு, புதுசு ஒன்று எடுங்கள்" என்றார்கள். நாங்கள் எடுக்கவில்லை. இன்னொரு கடையில் ஒரு பொடியன் எங்கள் கண்முன்னே அடிமூடியைக் கழற்றினான். விசிறிக்கும் அந்த மெல்லிய தகடுகளுக்கும் இடையில் தூசியும் துணித் தும்பும் சேர்ந்து சாம்பல் நிறக் கம்பளி போலப் படிந்திருந்தன. காற்றுப் போக வழியே இல்லை. அவன் பற்றரியின் இணைப்பைக் கழற்றி, விசிறி சுற்றாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, காற்றடித்துத் துப்புரவாக்கினான். பிடிக்காமல் ஊதினால் விசிறி அளவு மீறிச் சுற்றிப் பழுதாகுமாம். புரொசெஸருக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையில் பூசப்பட்டிருந்த பசை காய்ந்து வெடித்திருந்தது. அதையும் துடைத்துப் புதிதாகப் பூசினான். அனுபவமில்லாதவர்கள் இதை வீட்டில் செய்து பார்க்காமல் இருப்பதே நல்லது. ஆனால் கடையில் கொடுக்கும்போது, "தூசி தட்டி, பசையும் மாற்றித் தாருங்கள்" என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்கத் தெரிந்தவர்களை ஏமாற்றுவது கடினம்.

சத்தத்தையும் பிரித்தறியப் பழக வேண்டும். "ஊ..." என்று காற்றுச் சத்தமாக வந்தால் காரணம் சூடு. "கர கர" என்று உரசும் சத்தமோ, தட்டுகிற சத்தமோ வந்தால் விசிறியே தேய்ந்திருக்கும். அதற்கு இதுவரை சொன்ன எதுவும் பயன்படாது. அந்த மொடலுக்குரிய விசிறியை மட்டும் மாற்றினால் போதும்.

இத்தனையும் செய்த பிறகு மகள் வெப்பநிலையைக் காட்டும் ஒரு புரோகிராமில் பார்த்தாள். முன்பு வகுப்பு நேரத்தில் 96 பாகையில் நின்றது இப்போது 72 ஆகியிருந்தது. விசிறி நிற்கவில்லை, ஆனால் மெதுவாகச் சுற்றியது. விசிறிகளில் ஒரு கணக்கு உண்டு. வேகம் பாதியானால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரிவது அதனால்தான். மாமி அதன்பின் அந்த மெஷினைப் பற்றிப் பேசவில்லை. மகளும் அதே லெப்டொப்பில் படித்துப் பரீட்சை எழுதி முடித்தாள். இப்போது அது தம்பியின் கைக்கு வந்திருக்கிறது.

சகோதரிகளே, இன்னொன்றையும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பலகையோ அதன் கீழுள்ள தொடுதட்டோ மேலெழும்பி வந்தால், அல்லது அடிமூடி பிதுங்கினால், உள்ளே பற்றரி வீங்கியிருக்கலாம். உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். அழுத்திப் பார்க்கவோ குத்திப் பார்க்கவோ வேண்டாம். தீப்பற்றும் ஆபத்து உண்டு.

இரைகின்ற லெப்டொப் தனக்குச் சூடு தாங்கவில்லை என்று நம்மிடம் சொல்கிறது. அதைக் கேட்டுத் திருத்த நமக்கு அவகாசம் இருக்கிறது. தினமும் இரைந்துகொண்டிருந்த ஒன்று, நாம் எதுவும் செய்யாமலே ஒருநாள் திடீரென்று மௌனமாகி, தொட்டால் நெருப்பாகச் சுட்டால், விசிறி நின்றுபோயிருக்கும். அன்று "அப்பாடா, சத்தம் ஓய்ந்தது" என்று இருந்துவிடாதீர்கள். உடனே அணைத்துவிடுங்கள்.