மாட்டுக்கு ஒரு மணி நேரம், மகளுக்கு ஒரு ராத்திரி

மழை, பூ விலை, மாடு கன்னுன்னு எழுதிக்கிட்டு இருந்தவன் இன்னைக்கு வீட்டு விசயம் ஒண்ணு எழுதுறேன். எழுதலாமான்னு மகள்கிட்ட கேட்டேன். "எழுதுங்கப்பா, நாலு பேருக்குத் தெரியட்டும்"னு சொல்லிட்டா.

போன பங்குனி. மூத்தவ தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தா. 38 வாரம் முடிஞ்சிருந்தது. ராத்திரி 9 மணிக்கு மூணு பேஸ் கரண்ட் வந்துச்சு. பிச்சித் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்ச மோட்டார் போடக் கிளம்புனேன். வீட்டுக்காரி ஓடி வந்து, "பிள்ளைக்குத் தண்ணி போகுது, பாவாடையெல்லாம் நனைஞ்சிருச்சு"ன்னா.

என் அம்மைக்கு 80 வயசு. ஏழு பெத்தவ. "வலி வரலைல்லா? வலி வராம அங்க போயி என்ன செய்யப் போறீக? விடியட்டும்"னு சொல்லி, கோமதி அம்மன் கோயில் புத்துமண்ணை பேத்தி நெத்தியில பூசிவிட்டா. நானும் சரின்னுட்டு மோட்டார் போடப் போயிட்டேன்.

காலையில பூவை எடுத்துக்கிட்டு சங்கரன்கோவில் மார்க்கெட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரி வாசல் வழியாத்தான் போனேன், அதே வழியாத்தான் திரும்பி வந்தேன். மத்தியானம் 1 மணிக்கு வலி கண்டுச்சு. 108-ல கொண்டு சேர்க்கும்போது மணி 2.

வாசல்லயே நர்சம்மா கேட்ட முதல் கேள்வி, "பனிக்குடம் எத்தனை மணிக்கு உடைஞ்சது?" வீட்டுக்காரி பயத்துல "விடியக்காலம்…"னு இழுத்தா. நான்தான், "இல்லம்மா, நேத்து ராத்திரி 9. கரண்ட் வந்த நேரம்"னேன். அந்தம்மா விரல்விட்டு எண்ணிட்டு ஒண்ணும் பேசாம உள்ள போனாங்க. மகளுக்கு உடனே கிருமிக்கான ஊசி போட்டாங்க. ராத்திரி 7.30-க்குப் பேத்தி பிறந்தா. 2 கிலோ 700 கிராம். நல்லா அழுதா.

டாக்டரம்மா அப்புறம் விளக்கமாச் சொன்னாங்க. எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். பனிக்குடம் ஒரு வேலி. அது இருக்கிற வரைக்கும் பிள்ளைக்குப் பாதுகாப்பு. உடைஞ்சிட்டா, கீழ இருக்கிற கிருமி கருப்பைக்குள்ள ஏற வழி கிடைச்சிரும். நேரம் கூடக் கூட ஆபத்தும் கூடும். 18 மணி நேரம் தாண்டிட்டா பிறந்த பிள்ளையைக் கூடுதலாக் கவனிக்கணும்னு டாக்டர்கள் ஒரு கணக்கு வச்சிருக்காங்க. அதுக்காக 17 மணி நேரம் வீட்டுல இருக்கலாம்னு அர்த்தம் இல்ல. நிறைய பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகாது. எந்தப் பிள்ளைக்கு ஆகும்னு முன்கூட்டித் தெரியாதுல்லா.

எங்களுக்கு ஆச்சு. மறுநாள் பேத்தி பால் குடிக்கல. "நல்லாத் தூங்குதா"ன்னு நாங்க பேசிக்கிட்டோம். காய்ச்சல் இல்ல, தொட்டா உடம்பு ஜில்லுன்னு இருந்துச்சு. நர்சம்மா மூச்சை எண்ணிப் பாத்தாங்க, நிமிசத்துக்கு 60-க்கு மேல. பச்சப்பிள்ளைக்குக் கிருமி ஏறினா காய்ச்சல்தான் அடிக்கணும்னு இல்லையாம், உடம்பு குளிர்ந்தும் போகுமாம். 10 நாள் பச்சிளங்குழந்தை வார்டுல ஊசியும் டிரிப்புமா இருந்தா.

அதே மாசம் முதல் வாரத்துல எங்க செவலை கன்னு போட்டுச்சு. தண்ணிக்குடம் உடைஞ்சு ஒரு மணி நேரமாகியும் கன்னுக் காலைக் காணோம்னதும் பைக்கை எடுத்துக்கிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினவன் நான். ஆஸ்பத்திரி வராந்தாவுல வீட்டுக்காரி சொன்னா: "மாட்டுக்கு ஒரு மணி நேரம் பொறுக்கல. மகளுக்கு விடியட்டும்னு இருந்துட்டீகளே." பதில் சொல்ல முடியல.

டவுன்ல இருக்கிற நீங்க இதைப் பட்டிக்காட்டுக் கதைன்னு நினைக்காதீங்க. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல, தமிழ்நாட்டுல நூத்துக்கு 99-க்கு மேல ஆஸ்பத்திரிப் பிரசவம்தான். எங்க பிள்ளையும் அதுல ஒண்ணு. ஆஸ்பத்திரிக்குப் போறோம், ஆனா வலி வந்த பிறகு போறோம். அங்கதான் தப்பு.

தண்ணி போனா, கொஞ்சமாக் கசிஞ்சாலும் சரி, மணியைக் குறிச்சு வச்சுக்கோங்க. சுத்தமான நாப்கின் வைக்கலாம், உள்ள எதையும் வைக்கக் கூடாது. வலிக்குக் காத்திருக்காமக் கிளம்பிருங்க. மாசம் நிறையாமத் தண்ணி போனாலும், பச்சையாவோ நாத்தமாவோ போனாலும், பிள்ளை அசைவு குறைஞ்சாலும் ஒரு நிமிசம் தாமதிக்காதீங்க. பிறந்த பிள்ளை பால் குடிக்காமச் சோர்ந்து கிடந்தா தூங்குதுன்னு விட்டுராதீங்க.

அம்மையைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. ஏழு பெத்ததுல ரெண்டு, ஒரு வாரம் தாண்டல. "பால் குடிக்க மாட்டேன்னுச்சு, ஜில்லுன்னு ஆகிப்போச்சு"ன்னு மட்டும் சொல்லுவா. என்ன சீக்குன்னு அவகிட்ட யாரும் சொன்னதில்ல.

பேத்திக்கு இப்ப 9 மாசம். தவழ்ந்து போயி பூக்கூடையைக் கவுத்துறா. போன வாரம் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நடுச்சாமத்துல தண்ணி போச்சு. வலி வரலையேன்னு அவுக யோசிச்சுக்கிட்டு நின்னாக. திண்ணையில படுத்திருந்த எங்க அம்மைதான் முதல்ல சத்தம் போட்டா.

"ஏலே, மணி என்னன்னு பாரு. 108-க்குப் போனைப் போடு."