சாக்கின் மேல் இருந்த பெயர்

அமெரிக்கக் கடற்படையில் கப்பலைவிட மண்ணோடு அதிகம் புழங்கிய ஒரு பட்டாளம் உண்டு: சீபீக்கள், அதாவது கட்டுமானப் படைப்பிரிவினர். 1942-ல் ரியர் அட்மிரல் பென் மொரீல் உருவாக்கியது. அதுவரை பசிபிக் தீவுகளில் தளம் கட்டியவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். எதிரி வந்தால் அவர்கள் துப்பாக்கி எடுக்க முடியாது. எடுத்தால் போர்க்கைதிக்குரிய பாதுகாப்பும் கிடையாது. ஆகவே தச்சர், குழாய்க்காரர், மின்பணியாளர் என்று தொழில் தெரிந்தவர்களைச் சேர்த்துச் சீருடை மாட்டினார்கள். முதலில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 37. இரண்டாம் உலகப் போரில் மட்டும் சுமார் 3,25,000 பேர். ஹிரோஷிமாவுக்கு விமானம் கிளம்பிய டினியன் தீவின் ஓடுதளம் இவர்கள் போட்டது. பிறகு கொரியா, வியட்நாம், அன்டார்க்டிகாவின் மெக்மர்டோ, 1971-ல் நமக்குத் தெற்கே டீகோ கார்சியா.

*

இவர்கள் கையாண்ட கட்டுமானப் பொருள்கள் பலவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்தது. கல்நார் ஆபத்து என்றாலே கப்பல் கட்டும் தளமும் எஞ்சின் அறையும்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். அது நியாயம்தான். ஆனால் இழப்பீடு கேட்கப் போகுமிடத்தில் எந்தக் கப்பல் என்று கேட்டால் சீபீயிடம் பதில் இருக்காது. அவர் வேலை பார்த்த கொட்டகை இன்று இடிந்தே போயிருக்கும்.

*

யார் எப்படிக் கல்நார்த் தூசியைச் சுவாசித்தார்கள் என்பது பிரிவுக்குப் பிரிவு மாறும். 'யூடிலிட்டீஸ்மேன்' கொதிகலனும் நீராவிக் குழாயும் பார்ப்பவர். குழாயைப் பழுது பார்க்க வேண்டுமானால் மேலே சுற்றியிருக்கும் கல்நார்க் காப்புறையை முதலில் உடைத்து உரிக்க வேண்டும். வேலை முடிந்ததும் சாக்கிலிருந்து தூளைக் கொட்டி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, திரும்பப் பூச வேண்டும். குழைத்த பிறகு அவ்வளவு பயமில்லை. கொட்டும்போது எழும்புகிற தூசிதான் எமன்.

'பில்டர்' என்ற தச்சருக்கு ரம்பம். கல்நாரும் சிமென்டும் கலந்த தகடு (நம் ஊர்க் கோழிப்பண்ணைக் கூரையில் கிடப்பதே), தரையில் ஒட்டும் 9 அங்குல ஓடு, கூரைத் தார்த்தாள் எல்லாம் அவர் கையில் அறுபட்டன. மெக்கானிக் புல்டோசர் பிரேக்கைத் திறந்து, உள்ளே படிந்த கல்நார்த் தூசியைக் காற்றுக்குழாயால் ஊதித் துடைத்தார். கட்டுவதைவிட இடிப்பது மோசம். பழைய படைவீட்டை இடிக்கும்போது சுவரில் எது கலந்திருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, முகமூடியும் தரவில்லை.

*

நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் வரும் புற்றுநோய், மீசோதீலியோமா. தூசி உள்ளே போனதற்கும் நோய் தெரிவதற்கும் இடையே 20 முதல் 50 ஆண்டு ஆகலாம். 1966-ல் வியட்நாமில் குழாய் உரித்த இருபது வயதுப் பையனுக்கு அறுபதைத் தாண்டியபின் மூச்சு வாங்கும். நோய் தெரிந்த பிறகு பலருக்கு மிஞ்சுவது ஓரிரு ஆண்டுதான். அந்தக் கொஞ்ச நாளில் சட்டம் அவரிடம் கேட்கும் கேள்வி: அந்தச் சாக்கின் மேல் என்ன கம்பெனிப் பெயர் போட்டிருந்தது?

எனக்கு இதுதான் இந்த விவகாரத்தின் உச்சபட்ச அபத்தமாகப் படுகிறது.

*

ஏன் கம்பெனிப் பெயர்? வேலை வாங்கிய அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட முடியாது என்பதால். பணியின் பகுதியாக நேர்ந்த காயத்துக்குப் படைவீரர் அரசிடம் நஷ்டஈடு கேட்டு வழக்காட முடியாது என்று 1950-ல் ஃபெரெஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மீதி இருப்பது பொருளைச் செய்து விற்றவர்கள். அவர்களோ, கடற்படை கேட்ட அளவுக்குச் செய்து கொடுத்தோம், பழி அங்கே என்பார்கள். 1988-ல் பாயில் வழக்கின் தீர்ப்பு அந்த வாதத்துக்கு ஓரளவு இடம் தந்தது. 2019-ல் டெவ்ரீஸ் வழக்கில் காற்று கொஞ்சம் மாறி அடித்தது. பம்பும் டர்பைனும் கல்நார் இல்லாமலே விற்றோம், பிறர் பின்னால் சேர்த்ததற்கு நாங்கள் பொறுப்பா என்று கேட்டன கம்பெனிகள். உங்கள் இயந்திரம் ஓடவே கல்நார் தேவை என்றால், அது ஆபத்து என்று உங்களுக்குத் தெரிந்தும் இருந்தால், எச்சரித்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம், 6-க்கு 3 என்ற கணக்கில். கடல்சார் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு அது. கரையில் நின்ற சீபீக்கு நேராகப் பொருந்தாது. இங்கேயும் கப்பல்காரருக்குத்தான் யோகம்.

*

கல்நார்த் தொழிலின் பெரிய பெயர் ஜான்ஸ் மேன்வில். 1982 ஆகஸ்டில் திவால் மனு போட்டது. அப்போது கம்பெனி ஓடிக்கொண்டுதான் இருந்தது. வரப்போகும் வழக்குகளை எண்ணிப் பார்த்துப் போட்ட மனு. 1988-ல் அதன் பணத்தை வைத்து ஓர் அறக்கட்டளை வந்தது. 1994-ல் நாடாளுமன்றம் இந்த வழியைச் சட்டமாக்கியது. இன்று இப்படிச் சுமார் 60 அறக்கட்டளைகள். நீதிமன்றம் ஏற வேண்டாம். நோய்ச் சான்றும் அந்தக் கம்பெனிப் பொருளோடு புழங்கியதற்கான சான்றும் கொடுத்தால் போதும்.

தொகையைக் கேட்டால்தான் சிரிப்பு வரும். மேன்வில் அறக்கட்டளையின் பட்டியலில் மீசோதீலியோமாவுக்கு 3,50,000 டாலர். கையில் தருவது அதில் 5.1 சதவீதம்: 17,850 டாலர். வரப்போகிறவர்களுக்கும் மிச்சம் வேண்டுமே என்பது காரணம். அதனால்தான் வக்கீல்கள் பத்துப் பதினைந்து அறக்கட்டளைகளில் ஒரே நேரத்தில் மனுப் போடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்கு, ஒரு பெயர்.

*

அரசாங்கத்திடம் வழக்காட முடியாதே தவிர, இழப்பீடு கேட்கலாம். முன்னாள் படையினர் நலத்துறை மாதாமாதம் தரும். மீசோதீலியோமா இருக்கும்வரை 100 சதவீத ஊனம் என்று கணக்கு. 2025-ல் குடும்பமில்லாதவருக்கு மாதம் 3,831 டாலர். கல்நாரால் வரும் நுரையீரல் தடிப்பு நோய் என்றால் ஊதிக்காட்டும் பரிசோதனைதான் நீதிபதி. மூச்சுக் கொள்ளளவு எதிர்பார்த்ததில் பாதிக்குக் கீழே போனால் 100 சதவீதம். முக்காலுக்குச் சற்று மேலே நின்றால் வெறும் 10.

ஆனால் பணியில்தான் வந்தது என்று மனுதாரர்தான் காட்ட வேண்டும். போரில் தெளித்த களைக்கொல்லியான ஏஜென்ட் ஆரஞ்ச் விவகாரத்தில் வியட்நாமில் இருந்தாலே போதும், மீதியைத் துறையே ஊகித்துக்கொள்ளும். கல்நாருக்கு அந்தச் சலுகை கிடையாது. எந்தப் பிரிவுக்காரருக்குக் கல்நார் பட்டிருக்க எவ்வளவு வாய்ப்பு என்று துறையிடம் பட்டியல் இருக்கிறது. அதற்குமேல் மருத்துவர் கருத்து வேண்டும். இரு பக்கமும் சமமாக நின்றால் வீரர் பக்கம் தீர்ப்பு என்ற விதி ஒன்று மட்டும் ஆறுதல்.

பணியைக் காட்டப் பணிக்கோப்பு வேண்டும். அவை இருந்த செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலையில் தீப்பிடித்துக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் எரிந்தன. எரிந்தவை தரைப்படை, விமானப்படைக் கோப்புகள். கடற்படைக் கோப்புகள் தப்பின. சீபீக்கு வாய்த்த அபூர்வ அதிர்ஷ்டம்.

*

சிகரெட் பற்றி ஒரு வரி. 1975 வரை சாப்பாட்டுப் பொட்டலத்துக்குள்ளேயே சிகரெட் வைத்துக் கொடுத்தது ராணுவம். பணியில் பிடித்த புகையிலையால் வந்த நோய்க்கு இழப்பீடு இல்லை என்று 1998-ல் சட்டம் போட்டது நாடாளுமன்றம். கல்நார்த் தூசியும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்று அபாயம் பலமடங்கு ஏறும். ஆகவே நுரையீரல் புற்றோடு வருபவரிடம் முதல் கேள்வி, புகைப்பீர்களா? (1950-களில் கென்ட் சிகரெட்டின் வடிகட்டியிலேயே நீலக் கல்நார் இருந்தது. அதை யாரிடம் சொல்லி அழுவது.)

*

சீபீயின் தனிச் சிக்கல் வேறு. படையை விட்டு வந்தபின் அவர் வாத்தியார் வேலைக்குப் போகவில்லை. அதே தச்சு வேலை, அதே குழாய் வேலை, இன்னும் முப்பது ஆண்டு. நலத்துறைக்காரர் அதைப் படித்துவிட்டு, நாலு வருஷம் எங்களிடம், முப்பது வருஷம் வெளியே, எது காரணம் என்பார். அதே ஆயுள் கதையை அறக்கட்டளை முன் வைத்தால் பலம்: வெளியே புழங்கிய ஒவ்வொரு பொருளும் ஒரு மனு. இரண்டு இடத்துக்கு இரண்டு கதை சொல்லத் தோன்றும். சொல்லக்கூடாது. ஒரு வாக்குமூலம் இன்னொரு மேசைக்கு எப்போது வேண்டுமானாலும் போய்ச் சேரலாம். முழுக்கதையையும் ஒரே மாதிரிச் சொல்லி, படையில் இருந்த காலத்தை மட்டும் இடம், வேலை, கூட இருந்தவர் என்று நுணுக்கமாக எழுதுவதே நல்லது. கூட இருந்தவர் உயிரோடிருந்தால் அவர் கடிதம் மருத்துவச் சான்றுக்கு அடுத்தபடி மதிப்புள்ளது.

*

கெடு: வழக்குக்கு மாநிலம்தோறும் வேறு, கலிபோர்னியாவில் ஓராண்டு, நியூயார்க்கில் மூன்று. நலத்துறைக்குக் கெடு இல்லை, ஆனால் மனுப் போட்ட தேதியை ஒட்டித்தான் பணம் கணக்காகும். தள்ளிப்போட்ட மாதங்கள் போனவைதான். அறக்கட்டளைப் பணம் வாங்கினால் ஊன இழப்பீடு குறையாது. வருமானம் பார்த்துத் தரும் ஓய்வூதியம் குறையும். கணவர் இந்த நோயால் இறந்து, அது பணியோடு இணைக்கப்பட்டால் மனைவிக்கு மாதம் 1,653 டாலர் (2025). அவர் மனுவே போடாமல் போயிருந்தாலும் மனைவி போடலாம்.

நலத்துறையின் முதல் மனுவை எழுதித் தருவதற்குக் கட்டணம் வாங்குவது சட்டவிரோதம். அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படையினர் சங்கங்களின் அலுவலர்கள் இலவசமாகவே எழுதித் தருகிறார்கள். தொலைக்காட்சி விளம்பரத்தில் வரும் வக்கீல் வேண்டியிருப்பது வழக்குக்கும் அறக்கட்டளைக்கும். அங்கே வரும் பணத்தில் ஒரு பங்கு அவருக்கு. நலத்துறை மனுவையும் வழக்கையும் ஒரே கையெழுத்தில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது தாளை நீட்டினால், எதற்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.