அம்மா கேட்ட கேள்விகள்

அன்புள்ள லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி, லெப்டினன்ட் கமாண்டர் தில்னா இருவருக்கும்,

மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்திலிருந்து எழுதுகிறேன். 2025 மே 29 அன்று நீங்கள் உலகைச் சுற்றி வந்து கோவாவில் கரையேறிய செய்தியை அம்மாவும் நானும் டிவியில் பார்த்தோம். 56 அடிப் பாய்மரப் படகு தாரிணி, இரண்டே பெண்கள், எட்டு மாதம், 25 ஆயிரம் கடல் மைலுக்கு மேல். மைல் கணக்கு அம்மாவின் காதில் ஏறவில்லை. "ராத்திரியில யாரு முழிச்சினு இருந்தாங்க?" என்றுதான் கேட்டார்.

அப்பா கட்டுமரம் ஓட்டியவர். விடியுமுன் கரைக்காற்றில் பாய் விரித்துப் போய், பகலில் கடல்காற்றோடு திரும்புவார். கடற்கரைக் கோயில் கோபுரம்தான் அவருக்கு வழிகாட்டி. வந்ததும் கட்டைகளை அவிழ்த்து மணலில் காயப் போடுவார். அந்த ஈரக் கட்டையில் உட்கார்ந்ததற்காகச் சின்ன வயதில் அடி வாங்கியிருக்கிறேன். பொம்பளைப் பிள்ளை மரத்தைத் தொடக்கூடாது. கரைக்கு வந்த மீன் மட்டும் அம்மாவுடையது. கூடையோடு திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறுவார். அப்பாவோடு முப்பது வருஷம் வாழ்ந்தவர், கடலில் எப்படிச் சாப்பிட்டீங்க, எப்போ கண்ணசந்தீங்க என்று அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கவும் அப்பா இல்லை.

உங்களைப் பார்த்தபிறகு கேட்க ஆரம்பித்தார். நான் தேடிப் படித்துப் பதில் சொன்னேன். ஒருத்தி காவல் இருக்க, ஒருத்தி தூங்குவாள். படகு சாய்ந்தபடியே ஓடும் என்பதால் படுக்கையிலிருந்து உருண்டுவிடாமல் துணித்தடுப்பு கட்டியிருக்கும். "சட்டி கவுந்துடாதா?" இப்படிப்பட்ட படகுகளில் அடுப்பு ஊஞ்சல் மாதிரி தொங்கும், படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது நிமிர்ந்தே நிற்கும் என்றேன். அம்மா தண்ணீர்ச் செம்பை உள்ளங்கையில் வைத்து, கையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். குடிநீருக்கு? கடல்நீரை நல்ல தண்ணீராக்கும் கருவி. நெம்மேலியில் சென்னைக்காகச் செய்கிறார்களே, அதே வேலைதான் என்றதும் சட்டென்று புரிந்துகொண்டார்.

புயலைப் பற்றி அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. 2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரம் அருகே கரை கடந்த இரவு, கதவுக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தோம். தென்பசிபிக்கில் உங்கள்மேல் அடித்த காற்று மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல். அலை ஏழு மீட்டர். அதில் பாயைச் சுருக்க யாராவது பாதுகாப்புக் கயிற்றை மாட்டிக்கொண்டு மேலே வந்தே தீரவேண்டும். அம்மா வெகுநேரம் பேசவில்லை.

ஜனவரி 30 அன்று நீமோ புள்ளியைக் கடந்தீர்கள். எந்தப் பக்கம் போனாலும் 2,600 கிலோமீட்டருக்கு மண் கிடையாது. அங்கேயும் ஆய்வுக்காகக் கடல்நீர் மாதிரி எடுத்தீர்கள் என்று படித்துக் காட்டினேன். "வேலைய வுடலியே," என்றார். கூடை சுமந்தவர் வாயிலிருந்து வந்த அந்தப் பாராட்டை உங்களிடம் சேர்க்கத்தான் இந்த மடலே.

உங்கள் சாதனைக்கு நாடே நன்றி சொல்லிவிட்டது. நான் நன்றி சொல்வது, நீங்கள் சமைத்ததற்கு, முறை வைத்துத் தூங்கியதற்கு, பாயை நீங்களே சுருக்கியதற்கு. அதனால்தான் கடல் எங்கள் வீட்டுப் பெண்கள் பேசும் விஷயமானது. போன மாதம் தம்பி என் மகளைப் பைபர் படகில் அலைக்கு அப்பால் கூட்டிப்போனான். அம்மா தடுக்கவில்லை. "குடிக்கத் தண்ணி எடுத்துக்கினியா?" என்று மட்டும் கேட்டார்.

ரூபா, புதுச்சேரி உங்கள் ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும்போது தில்னாவையும் அழைத்துக்கொண்டு எங்கள் குப்பத்துக்கு வாருங்கள். காலை எட்டு மணிக்குள் வந்தால் படகுகள் கரையேறும் நேரம். அம்மா வலையருகேதான் இருப்பார். நான் பதில் சொல்ல முடியாத கேள்விகள் அவரிடம் இன்னும் இருக்கின்றன.


ஒரு கட்டுமரக்காரரின் மகள்