தொட்டித் தண்ணீர்

என் வயலில் கிடை போட வந்த கீதாரியின் 23 ஆடுகள் என் கவனக்குறைவால் செத்தன. அவற்றில் பல பிழைத்திருக்கும். என் பொய்தான் அவற்றைப் பிழைக்கவிடவில்லை. பழியைப் பதினாறு வயதுப் பையன் ஒருவன் சுமந்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன். நைட்ரஜன் சுழற்சியைக் கரும்பலகையில் வரையாத ஆண்டு எனக்கு இருந்ததில்லை. தெரியாமல் செய்துவிட்டான் என்று யாரும் எனக்குச் சலுகை தந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் டெல்டாவில் இருக்கிறது. சம்பா அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்டு மந்தைகள் வரும். பகலெல்லாம் தரிசிலும் வாய்க்கால் கரையிலும் அறுத்த தாளிலும் மேயும். இரவில் யார் வயலுக்குக் கூலி பேசியிருக்கிறதோ அந்த வயலில் வலை கட்டி அடைப்பார்கள். இதுதான் கிடை. மந்தையை நடத்துபவர் கீதாரி. மறுநாள் வலையை அடுத்த பாத்திக்கு நகர்த்துவார்கள். ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம் என்பார்கள். ஆட்டுப் புழுக்கை சீக்கிரம் மக்கும். மூத்திரம் எருக்குழிக்குப் போகாமல் நேரே மண்ணில் இறங்கும். ஊரெல்லாம் சிதறிக் கிடக்கும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் ஆடுகள் வாயால் பொறுக்கிக் கொண்டுவந்து ஒரே வயலில் கொட்டுகின்றன. இதைவிட மலிவான உரம் எனக்குத் தெரியாது.

கிடையைப் பார்க்கும்போதெல்லாம் நான் வகுப்பில் சொன்னதுதான் நினைவுக்கு வரும். புல் தன்மேல் விழும் வெயிலில் நூற்றில் ஒரு பங்கைப் பிடித்துவைத்தாலே பெரிது. புல்லைத் தின்னும் ஆட்டின் உடம்பில் ஏறித் தங்குவது அதிலும் அதிகம் போனால் பத்தில் ஒரு பங்குதான். மீதி மூச்சிலும் சூட்டிலும் சாணத்திலும் போய்விடும். அமெரிக்காவில் மினசோட்டாவின் சிறிய ஏரி ஒன்றை ஆராய்ந்த ரேமண்ட் லிண்டமன் இந்தக் கணக்குக்கு அடிப்படை போட்டார். அவருடைய கட்டுரை 1942இல் வந்தது. அது அச்சாவதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. ஆற்றல் ஒருவழியாகப் போய்விடும், சத்து மட்டும் சுற்றிச் சுற்றி வரும் என்று சொல்லி முடிக்கும்போது பிள்ளைகள் என்னை அண்ணாந்து பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கீதாரியிடமும் தேடினேன். கிடை போட்ட முதல் நாள் அவருக்கு நைட்ரஜன் பற்றி நெடுநேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “காலையில வெயில் ஏறுறதுக்குள்ள உழுதுடுங்க சார். மணம் போச்சுன்னா சத்தும் போச்சு” என்றார். மூக்கில் ஏறும் அந்த நெடி அமோனியா. மண்ணில் சேராமல் காற்றில் கலக்கும் நைட்ரஜன். நான் படம் போட்டுச் சொன்னதை அவர் ஒரே பேச்சில் சொல்லிவிட்டார். மகிழ்ந்திருக்க வேண்டும். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. மறுநாள் வேண்டுமென்றே மதியத்துக்கு மேல்தான் டிராக்டரை விட்டேன். இவ்வளவு சின்ன மனசு எனக்கு இருந்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சித்திரை மாதம். வாழைக்குச் சொட்டுநீரில் கொடுக்க ஆயிரம் லிட்டர் சிமெண்டுத் தொட்டியில் 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றைக் கரைத்தேன். பாதி போவதற்குள் மும்முனை மின்சாரம் போய்விட்டது. தொட்டியை மூடவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

சாயங்காலம் கிடை திரும்பியது. வாய்க்கால் வற்றிக் கிடந்தது. “தொட்டியில தண்ணி காட்டிக்கட்டுமா சார்?” என்று கீதாரி கேட்டார். “காட்டுங்கண்ணே, இதெல்லாம் கேக்கணுமா” என்றேன். தாராளமாகச் சொன்ன திருப்தி எனக்கு. தொட்டியில் இருப்பது என்ன என்று நினைக்கவே இல்லை.

முதலில் போன ஆடுகள் வாயை வைத்துவிட்டு எடுத்தன. கீதாரியின் மகன் பார்த்துவிட்டான். “சார், ஆடு மொகத்தத் திருப்புது. தண்ணியில என்னமோ இருக்கு” என்றான்.

“சிமெண்டு வாடைடா. தாகம் எடுத்தா குடிக்கும்” என்றேன்.

மோட்டார் கொட்டகைத் திண்ணையில் இருந்து சொன்னேன். தொட்டி பத்தடி தூரம்கூட இல்லை. எழுந்து போய் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்திருந்தால் போதும். காலையில் பிரித்த யூரியாச் சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல்தான் நான் உட்கார்ந்திருந்தேன். ஆடுகள் குடித்தன.

அரைமணி நேரம் ஆகியிருக்கும். ஒரு கிடாய் பல்லை நறநறவென்று கடித்தது. காது துடித்தது. வாயில் நுரை தள்ளியது. இடது பக்க வயிறு உப்பி, கால்களை உதைத்துக்கொண்டு சரிந்தது. அடுத்தடுத்து மூன்று. எனக்கு உடனே புரிந்துவிட்டது.

ஆட்டின் பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. யூரியா உள்ளே போனதும் அவை அதை அமோனியாவாக உடைக்கும். அந்த அமோனியாவிலிருந்தே புரதம் கட்டும். கொஞ்சமாக, தானியத்தோடு சேர்த்துக் கொடுத்தால் யூரியா தீவனம்தான். ஆனால் புரதம் கட்ட ஆற்றல் வேண்டும், மாவுச்சத்து வேண்டும். காய்ந்த தாளை மேய்ந்துவிட்டு வந்த ஆட்டின் வயிற்றில் அது ஏது? அமோனியா தேங்கி ரத்தத்தில் ஏறும். கல்லீரல் தடுக்கப் பார்த்துத் தோற்கும். பிறகு மூளைக்குப் போகும். பழக்கமில்லாத 25 கிலோ ஆட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் யூரியா போதும். என் தொட்டியில் அது கால் லிட்டர் தண்ணீர்.

மாற்று மருந்தும் எனக்குத் தெரியும். நிறையக் குளிர்ந்த தண்ணீரும் வினிகரும் புகட்ட வேண்டும். குளிர்ச்சியில் யூரியா உடையும் வேகம் குறையும். புளிப்பு, அமோனியாவை ரத்தத்தில் எளிதில் ஏறாத வடிவத்துக்கு மாற்றும். வினிகருக்கு நகரத்துக்குக்கூடப் போக வேண்டாம். எங்கள் கடைத்தெருவில் ஃபிரைட் ரைஸ் போடும் தள்ளுவண்டியில் புட்டி புட்டியாக இருக்கும்.

கால்நடை டாக்டர் சீக்கிரமே வந்துவிட்டார். இறங்கியதும் என்னைப் பார்த்துத்தான் கேட்டார், “யூரியா எதுவும் தின்னுச்சா சார்?”

சரியான கேள்வி. அப்போது விழுந்திருந்தவை ஏழெட்டுதான். மற்றவை நின்றுகொண்டிருந்தன.

“இல்ல டாக்டர்” என்றேன். “பக்கத்துக் கொல்லையில உளுந்துக்கு மருந்து அடிச்சிருக்காங்க. பையன் அதுல விட்டிருப்பான்.”

“நான் அந்தப் பக்கமே போகலீங்க. தொட்டித் தண்ணியக் குடிச்சப்புறந்தான்...” என்று பையன் ஆரம்பித்தான்.

“போர்த் தண்ணிடா அது. நானே குடிக்கிற தண்ணி” என்று அவனை அடக்கினேன்.

வாத்தியார் சொல்லும் ஆடு மேய்க்கும் பையன் சொல்லும் எதிரெதிரே நின்றால் எது எடுபடும் என்று எனக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் பொய் சொன்னேன். பூச்சிமருந்து விஷத்துக்கும் நுரையும் நடுக்கமும் உண்டு. டாக்டர் என் பேச்சை நம்பி அட்ரோபின் ஊசி போட்டார். அது யூரியா விஷத்துக்கு மாற்று மருந்து இல்லை. எல்லோரும் ஆடுகளைச் சுற்றி நின்றபோது நான் பின்பக்கம் போய்த் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிவிட்டேன். மீதித் தண்ணீர் வாழைக்கு ஓடியது.

ஏன் சொல்லவில்லை? பணத்துக்குப் பயந்தேன் என்றால் அது பாதி உண்மை. ஆடுகளின் விலையை என் ஓய்வூதியம் தாங்கியிருக்கும். யூரியாத் தண்ணியை ஆட்டுக்குக் காட்டிய வாத்தியார் என்ற பேர் வந்துவிடும் என்றுதான் நடுங்கினேன். அதுவும் மணத்தை வைத்தே நைட்ரஜனைச் சொன்ன அந்த மனிதர் முன்னால்.

கீதாரி மகனைத் தொரட்டிக் கம்பால் அடித்தார். பையன் அழவில்லை. என்னையே பார்த்தான். நான் நடுவில் புகுந்து தடுத்தேன். பெரிய மனுஷன் என்று அதற்கும் பேர் வாங்கினேன்.

காலையில் டாக்டர் ஓர் ஆட்டை அறுத்துப் பார்த்துவிடலாம் என்றார். பெருவயிற்றைக் கீறினால் அமோனியா நெடி குப்பென்று வரும். எல்லாம் தெரிந்துவிடும். வெயிலில் நாறிவிடும், சீக்கிரம் புதைப்போம் என்று அவசரப்படுத்தினேன். என் செலவில் ஜேசிபி வரவழைத்து என் தென்னந்தோப்பு ஓரத்திலேயே குழி தோண்டினேன். கீதாரி அதை உதவி என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அறுத்துப் பார்த்த சான்று இல்லாததால் அவர் எங்கும் போய் இழப்பீடு கேட்கவும் முடியவில்லை. குழியை ஒட்டிய தென்னைகள் இப்போது மற்றவற்றைவிடக் கரும்பச்சையாக நிற்கின்றன. அந்த ஆடுகளின் தசையிலும் எலும்பிலும் இருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் எனக்கே வந்து சேர்ந்திருக்கின்றன. அந்த மரங்களின் காயை விற்ற காசையும் நான் செலவழித்திருக்கிறேன்.

காற்றிலுள்ள நைட்ரஜனை அமோனியாவாக்கும் வழியை ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் செய்து காட்டினார். 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவ் ஆலையில் அமோனியா பெரிய அளவில் உற்பத்தியானது. இன்று நாம் வாங்கும் யூரியா மூட்டை அந்த வழியில் வந்ததுதான். அதில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன். அதைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. யூரியா தன் வேலையைச் செய்தது. மூடாமல் வைத்தவன் நான். குடிக்கட்டும் என்றவன் நான். இல்லை என்றவன் நான்.

மறு ஆண்டு அந்தக் கிடை எங்கள் ஊர்ப் பக்கம் வரவில்லை. வேறொரு கீதாரி வழியாக விவரம் கேட்டேன். மிச்ச ஆடுகளில் பாதியைக் கடனை அடைக்க விற்றுவிட்டாராம். பையன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டானாம். அப்பாவோடு பேசுவதில்லையாம். அதைக் கேட்ட பிறகுதான் கிளம்பினேன். அதற்கு முன்பு எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கீதாரியின் வீட்டு வாசலில் உட்கார்ந்து, தொட்டியில் யூரியா இருந்தது, நான் மறந்துவிட்டேன் என்று சொன்னேன். ஆடுகளின் விலையை வைத்தேன். அவர் பணத்தைத் தொடவில்லை. “பையன்ட்ட சொல்லுங்க சார். அவனத்தான அடிச்சேன்” என்றார். அவர் மனைவிதான் பணத்தை எடுத்து உள்ளே வைத்தார்.

பையனுக்குப் போன் போட்டேன். கடைசிவரை கேட்டான். பிறகு, “அன்னைக்கே டாக்டர்ட்ட சொல்லியிருந்தா எத்தன பொழச்சிருக்கும்?” என்றான்.

முதலில் விழுந்தவை போயிருக்கும், நின்றுகொண்டிருந்தவற்றில் பெரும்பாலானவை பிழைத்திருக்கும் என்றேன்.

“இத எங்கப்பாட்ட சொன்னீங்களா?”

சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தேன். மறதியை மன்னிப்பது எளிது. டாக்டர் கேட்டதற்கு இல்லை என்றதை, வினிகரை, தொட்டியைத் திறந்துவிட்டதை, ஜேசிபி வந்த காரணத்தை அவரிடம் மறைத்துவிட்டேன். உதவி கேட்டு வந்தவனைப்போல அவர் வாசலில் உட்கார்ந்திருந்தபோதும் பாதியை விழுங்கியிருக்கிறேன்.

விழுங்கியது எல்லாம் இதில் இருக்கிறது. கீதாரிக்குப் படிக்கத் தெரியாது. இதை எடுத்துக்கொண்டு நானேதான் போய் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பையனையும் வரச் சொல்லியிருக்கிறேன். வருவானா என்று அவன் சொல்லவில்லை.