குலுங்காத கியர்

ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? நின்ற இடத்திலிருந்தே கம்பியை எட்டிப் பிடித்தால் தோள்பட்டை கழன்றுவிடும். ஆகவே ஆசாமி முதலில் பஸ்ஸோடு நாலடி ஓடுகிறான். இரண்டு வேகமும் ஒன்றானதும் கம்பியைப் பிடிக்கிறான். அந்த வித்தையை நான் சிபாரிசு செய்யவில்லை, சகோதரிகளே! கார் எஞ்சினுக்கும் அதைக் கற்றுக்கொடுத்து விட்டார்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போகும் மலைப் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிமானத்தை இழந்துவிடும். அதனால் கியரைக் குறைத்து, எஞ்சினைக்கொண்டே வண்டியை அடக்குகிறார்கள். அப்போதுதான் பின் ஸீட்டில் இருக்கும் நமக்கு ஒரு குலுக்கல். கூஜாத் தண்ணீர் புடவையில்!

ஏன் குலுங்குகிறது? வண்டியின் வேகம் மாறாவிட்டாலும், கியர் இறங்கினால் எஞ்சின் அதிகமாகச் சுழல வேண்டும். நாலாவது கியரில் நிமிஷத்துக்கு 2000 சுற்று என்றால், மூன்றாவதில் 2600 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளச்சை மிதித்த க்ஷணமே எஞ்சின் சோம்பல்படத் தொடங்கிவிடுகிறது. கிளச்சை விட்டதும் சக்கரங்கள் அதைத் தரதரவென்று இழுத்து ஓட வைக்கின்றன. அந்த இழுபறிதான் குலுக்கல். ஈரச் சாலையில், பின் சக்கரங்களால் ஓடும் காராக இருந்தால், அந்தச் சக்கரங்கள் வழுக்கி வண்டியே சுழன்றுவிடக்கூடும்.

கைதேர்ந்த டிரைவர்கள் வலது பாதத்தால் பிரேக்கை மிதித்தபடியே, அதன் ஓரத்தால் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சினை எழுப்புவார்கள். ஒரே காலுக்கு இரண்டு உத்தியோகம்!

இந்த வேலையை 2008-ஆம் வருஷக் கடைசியில் அறிமுகமான நிஸ்ஸான் 370 இஸட் கார் தானே செய்தது. கிளச்சு மிதிபட்டதா, கியர்த் தடி எங்கே போகிறது, வண்டியின் வேகம் என்ன என்று உணர்கருவிகள் தகவல் சொல்கின்றன. கம்ப்யூட்டர் நொடிக்குள் கணக்குப் போட்டு, எஞ்சினுக்குக் காற்று விடும் கதவைச் சற்றே திறக்கிறது. 'விர்ர்' என்று எஞ்சின் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. கிளச்சை விடும்போது சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. வேண்டாம் என்கிறவர்கள் ஒரு பொத்தானை அமுக்கி அதை நிறுத்திவிடலாம்.

"அப்புறம் ஓட்டுகிறவனுக்கு என்னடா சாமர்த்தியம்?" என்று கேட்கிறார் என் சித்தப்பா.

கிரைண்டர் வந்த பிறகும் மாவின் பதம் பார்ப்பது நம் கைதானே! எந்த இடத்தில் எந்தக் கியர் என்று தீர்மானிப்பது இன்றும் மனிதர்தான். 100 கிலோமீட்டர் வேகத்தில் பறந்துகொண்டே முதல் கியருக்குத் தள்ளினால், சக்கரங்கள் எஞ்சினை அதன் எல்லைக்கு மேல் சுழற்றிப் பாழாக்கிவிடும். அந்த அவசர புத்திக்கு இந்தக் கருவியிடம் மருந்து கிடையாது.

ஆனால் ஒரு லாபம் நிச்சயம். வலது கால் பிரேக்கை மட்டும் கவனிக்கலாம். மனம் முழுவதும் எதிரே வரும் வளைவில் இருக்கலாம். பின் ஸீட்டில் குழந்தை தூங்கும்போது நமக்கு வேண்டியது அதுதானே?