கழக்கூட்டத்தில் கண்ட மலை

கழக்கூட்டம் என்றால் நம்மவர்க்கு ரயில் நிலையமும், 1990-ஆம் ஆண்டில் தோன்றிய டெக்னோபார்க்கும் நினைவுக்கு வரும். மலை எவர் நினைவிலும் வராது. ஆயினும் மலையின் இயல்பை நான் அறிந்துகொண்டது இவ்வூரில்தான்.

சென்ற மாதம் ஒரு நாள், டிக்கெட் கொடுக்கும் வேலை முடிந்தபின், டெக்னோபார்க்கில் பணிபுரியும் நம் ஊர்த் தம்பி ஒருவரின் அறைக்குச் சென்றேன். அவர் கணிப்பொறித் திரையில் ஒரு மலைச்சரிவைக் காட்டினார். உச்சிப் பாறையினின்று உருண்ட கல் ஒன்று, மரங்களில் மோதி மோதி வேகம் குன்றி, அடிவாரத்து வீட்டை எட்டுமுன் நின்றது. "அண்ணா, இனி மரங்களை எடுத்துவிடுகிறேன்" என்றார். அதே கல் வீட்டின் மீது விழுந்தது.

நிலத்தின் உயரம், சரிவு, மரங்களின் பருமன், நெருக்கம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, ஆயிரக்கணக்கான கற்களை இவ்வாறு உருட்டிப் பார்த்தால், எந்த வீட்டை எந்தக் காடு காக்கிறது என்பது வரைபடத்தில் தெரிந்துவிடும். சுவிட்சர்லாந்து நாட்டினர் 'சில்வாபுரொடெக்ட்' என்னும் திட்டத்தால் தம் நாடு முழுவதற்கும் இத்தகைய கணக்கைச் செய்துள்ளனர். அங்கே ஆண்டர்மாட் என்னும் ஊரார், பனிச்சரிவுக்கு அஞ்சி, ஊருக்கு மேலிருந்த காட்டை வெட்டலாகாதென 1397-லேயே விதித்தனர். அனுபவம் கண்டதைக் கணிதம் மெய்ப்பிக்கிறது.

என் அத்தை குடும்பம் மூணாறுப் பக்கம் ஒரு லயத்தில் வசிக்கிறது. அங்கிருந்து போடிக்கு வரும் வழியில், கேப் ரோடு பகுதியில் பாறைகள் சரிந்து போக்குவரத்து நின்றதுண்டு. அதனினும் கொடியது பெட்டிமுடி. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு லயங்கள் புதையுண்டு 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர்.

"மரங்கள் அவர்களைக் காத்திருக்குமா?" என்று வினவினேன். தம்பி சற்று மௌனமாயிருந்தார். "தனியே உருளும் கல்லை மரம் தடுக்கும். மழையில் ஊறிய மலையே பெயர்ந்து வந்தால், மரமும் அதனுடன் வந்துவிடும். அத்தகைய இடத்தில் குடியிருப்பையே மாற்ற வேண்டும், அண்ணா" என்றார்.

காக்கும் காடு எது, காடும் காக்கவியலாத சரிவு எது என்னும் இரண்டையும் முன்னரே அறிதல் வேண்டும். முன்னதில் கோடரி படலாகாது. பின்னதில் மனிதர் உறங்கலாகாது.

அன்றிரவே அத்தை மகனுக்குக் கடிதம் எழுதினேன். நலம் விசாரித்தபின், "உங்கள் லயத்துக்கு மேலே இருப்பது மரமா, பாறையா, ஓடையா?" என்று கேட்டிருக்கிறேன். மலையில் உறவினர் உள்ள அன்பர்களும் இவ்வொரு வரியைத் தம் கடிதங்களில் சேர்ப்பார்களாக.